மூன்று தடவை கூப்பிடுவது எப்படி

போன மாதம் ஜோதி போன் செய்தாள். எங்கள் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலை இப்போது அவளுடையது. நான் அந்த வேலையை விட்ட நாளில், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போகும் அந்தச் சிவப்புப் பட்டையை என்னிடமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

“அண்ணே, போர்டு மாட்டிட்டாங்க” என்றாள்.

கேஸ் நம்பர் சிவப்பு எழுத்தில் ஓடுகிற போர்டு. கூடவே ஒலிபெருக்கி. பெயரை மிஷினே சொல்லிவிடுகிறதாம், இவள் பக்கத்தில் சும்மா நிற்கிறாளாம். நல்லதுதானே, தொண்டை மிச்சம் என்றேன்.

“தொண்டை மிச்சந்தாண்ணே. ஆளு வர மாட்டேங்குது. மிசினு கூப்புடுது, நம்பரு ஓடுது, அடுத்தது வந்துருது. மத்தியானத்துக்கு மேல நாலஞ்சு பேரு வந்து நிக்கறாங்க, எங்கள எப்பங்க கூப்புடுவீங்கன்னு. நீங்க இருந்தப்ப மட்டும் எப்புடிண்ணே எல்லாரும் வந்தாங்க?”

போனில் என் குரல் பாதிதான் போய்ச் சேரும். மீதியை எதிர்முனையில் இருப்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் எழுதியே தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் எங்கள் தலைமை எழுத்தரான சிரஸ்தார் யார் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள். கோர்ட் அலுவலகத்தையே தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்த மனுஷர் அவர். இப்போது பேரன் பிறந்து நிம்மதியாக இருக்கிறார். இருக்கட்டும்.

முதலில் என் குரலைப் பற்றி. அதை நானே புகழ்வது அழகில்லைதான். ஆனால் அது இப்போது என்னிடம் இல்லை. இல்லாத பொருளைப் புகழ்ந்தால் தற்பெருமை ஆகாது.

அது ஒகேனக்கல்லில் விளைந்த குரல். என் தாய்மாமன் அங்கே பரிசல் ஓட்டினார். விடுமுறை நாட்களில் அக்கரையில் இருக்கும் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வேலை எனக்கு. நடுவில் காவிரி விழுந்துகொண்டிருக்கும். அருவியைத் தாண்டிக் கத்த வேண்டுமானால் அதோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. அது மூச்சு வாங்குகிற இடம் பார்த்து உள்ளே நுழைந்துவிட வேண்டும். அருவி மூச்சு வாங்குமா என்று கேட்காதீர்கள். வாங்கும். அந்த இடுக்கில் என் குரல் ஓடிப்போய் மாமனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

பிறகு மாம்பழக்கூழ் ஆலையில் கூடை சுமந்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. இருபத்தெட்டு வயதில் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். சிரஸ்தார் என்னை வராண்டாவில் நிறுத்தி, “எம்பேரச் சொல்லிக் கூப்புடு பாக்கலாம்” என்றார். கூப்பிட்டேன். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் கையில் ஒரு டீயோடு சாலையைத் தாண்டி வந்து, ஐயா கேட்டீங்களாமே என்று நின்றார். சிரஸ்தார் அந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார்.

வேலைப் பயிற்சி என்று பார்த்தால் ஒரு காலைப்பொழுதுதான். வலதுகால் நிலைப்படிக்கு வெளியே, இடதுகால் உள்ளே. முகம் சாலையைப் பார்த்து. பெஞ்சு கிளார்க் வழக்குக் கட்டைப் பிரித்து எண்ணை வாசித்ததும் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஒரு முழு மூச்சு. சிரித்துக்கொண்டு கூப்பிடக்கூடாது, சலித்துக்கொண்டும் கூடாது. சொறியக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார் சிரஸ்தார்:

“கட்டுல இருக்கற பேரக் கூப்புடு. ஆளத் தேடறது நம்ம வேல இல்ல.”

அதைப் பல வருஷம் வேதவாக்காக வைத்திருந்தேன்.

முதல் வாரம் ‘மாதம்மாள்’ என்று ஒரு பெயர் வந்தது. எங்கள் பக்கம் மாதம்மாளைக் கூப்பிடுவதும் மழையைக் கூப்பிடுவதும் ஒன்று, வந்தால் மொத்தமாக வரும். ஏழு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருத்திக்குக்கூட அன்றைக்கு வழக்கு இல்லை. பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள். இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் வராமல் எப்படி என்று ஒருத்தி கேட்டாள்.

ஊருக்குள் என் பெயர் மறைந்து டவாலி என்பதே பெயர் ஆனது. பட்டைக்கும் அதே பெயர்தான், நானும் அதோடு சேர்ந்துகொண்டேன். கல்யாண வீட்டில் பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது, டவாலி, நீ ஒரு சத்தம் கொடு என்பார்கள். நானும் மூன்று தடவை கொடுப்பேன். பெண் மூன்றாவது தடவை வரைக்கும் வராமல் இருந்தால் மாப்பிள்ளைக்கு வேர்க்கும். என் வீட்டிலும் செல்வியை மூன்று தடவைதான் கூப்பிடுவேன். “மூணாவதுக்கு வரலைன்னா என்ன, வாரண்டு போடுவீங்களா?” என்பாள் அடுப்படியிலிருந்து.

அந்தக் காலத்தில் எங்கள் நீதிபதி ஓர் அம்மா. அவர்கள் பேசுவது பக்கத்தில் இருக்கும் காகிதத்துக்குத்தான் கேட்கும். எவ்வளவு பெரிய வக்கீலும் அவர்கள் வாய் திறந்தால் மேஜைப் பக்கம் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வழக்கைக் கூப்பிட்டதும் பேனாவின் மூடியைத் திறந்து மேஜைமேல் நிமிர்த்தி வைப்பார்கள். மூன்று கூப்பாடும் முடிந்து ஆள் வரவில்லை என்றால், இரண்டு வரி எழுதி, மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டிவிடுவார்கள். டக். அந்தச் சத்தம் ரொம்பச் சின்னது. ஆனால் அதற்குப் பிறகு என் குரலால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

ஒருநாள் பட்டியலில் பதினான்காவதாக மலைமேல் சிற்றூரிலிருந்து ஒரு வழக்கு. ஒரு பெண்ணின் கொல்லைக்காட்டுக்குப் போகிற பாதையை அவளுடைய கொழுந்தன் முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். அடைத்தது எட்டடி அகலம்தான். ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கரட்டை ஏறி இறங்க வேண்டும், தலையில் ராகிக் கட்டோடு. வேலியை எடுக்கச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. கணவர் இல்லை. கட்டில் இருந்தது அவ்வளவுதான்.

அவளுடைய வக்கீல் அன்று தர்மபுரியில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டார். பெஞ்சு கிளார்க் எண்ணை வாசித்தார். பேனா மூடி நிமிர்ந்தது. நான் வலதுகாலை வெளியே வைத்தேன்.

அன்றைக்குக் குரல் எனக்கே பொறாமையாக இருந்தது. முதல் தடவை சாலையைத் தாண்டியது. இரண்டாவது புளியந்தோப்பைத் தாண்டியது. மூன்றாவது மலையில் போய் இடித்துத் திரும்பி வந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று என்னிடமே சொன்னது. ஆள் மட்டும் வரவில்லை.

டக். வாதி ஆஜரில்லை, வழக்குத் தள்ளுபடி.

மாலையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தேன். வளாகத்தில் இருக்கிற புங்கமரத்தடியில் ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்தவள் மாதிரி இருந்தாள். மரத்து நிழல் அவளைவிட்டு எழுந்துபோய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

“என்னைய எப்பங்க கூப்புடுவாங்க?” என்றாள்.

பெயரைக் கேட்டேன். துணிப்பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். சின்னப்பொண்ணு.

“கூப்பிட்டாச்சேங்க. காலையிலயே. மூணு தடவை.”

“அதுங்களா?” என்றாள். “கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு. யாரோ பாவம், இந்தக் கத்துக் கத்தறாங்க, அந்தப் பொம்பள எங்க போச்சோன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நான் கார்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

“அது கார்டுல இருக்கற பேருங்க. அத யாரு கூப்புட்டா? எங்கப்பன் போன பொறவு ஒருத்தரும் கூப்புடல. எங்கூர்ல நானு மேலவூட்டாத்தா. அப்புடிக் கூப்புட்டிருந்தா ஓடியாந்திருப்பேன்.”

அந்த நிமிஷம் நான் சிரஸ்தாரிடம் போய், ஐயா, வாதி காலையிலிருந்து இங்கேதான் இருந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நீதிபதி அம்மா இன்னும் அறையில்தான் இருந்தார்கள். நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய குரல் பத்தடி தூரத்தில் இருந்த புங்கமரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? முடிந்துபோயிற்று, வக்கீலைப் போய்ப் பாருங்கள் என்றேன். என் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். கட்டில் இருக்கிற பெயரைச் சரியாகத்தானே கூப்பிட்டேன் என்று வீடு வரைக்கும் மிதித்துக்கொண்டே போனேன்.

இரண்டு மாதம் கழித்துத் தொண்டையில் கட்டி என்றார்கள். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கட்டி முன்னாலேயே வளர ஆரம்பித்திருந்தது. ஆனால் மனசு இருக்கிறதே, அது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து மாலை மாற்றிவிட்டது.

டாக்டர் நல்லவர். கட்டியும் நல்ல கட்டிதானாம், உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் குரல் நரம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பிரித்தால் நரம்பு பழையபடி இருக்காது என்று முன்னாலேயே சொல்லித்தான் எடுத்தார். மயக்கம் தெளிந்ததும் செல்வியைக் கூப்பிட்டேன். சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று வந்தது. அதுதான் இன்றுவரை என் குரல்.

முதலில் வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. எனக்கு ஒரு விசில் வாங்கித் தந்தார்கள். ஒன்று ஊதினால் தண்ணீர், இரண்டு ஊதினால் சோறு. பக்கத்து வீட்டு நாய் இரண்டுக்கும் வந்தது. “இத்தன வருசத்துல இப்பத்தான் இந்த வூட்டுல எம்பேச்சு கேக்குது” என்று செல்வி சொன்னாள். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் எடுக்கப் போனாள்.

பிறகு வேடிக்கை தீர்ந்துபோனது. நான் டீக்கடைக்குப் போவதை விட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் போய் மலையைப் பார்த்து வாயைத் திறப்பேன். கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. ஒரு மனுஷனிடமிருந்து குரலை எடுத்துவிட்டால் மீதி இருப்பது யார் என்று கண்ணாடியில் தேடினேன். அங்கே மீசை வைத்த ஓர் ஆள் இருந்தான். எனக்குப் பழக்கமில்லாதவன்.

கோர்ட்டில் பட்டையை கணேசன் என்பவர் கட்டிக்கொண்டார். என்னைப் பதிவறைக்கு அனுப்பினார்கள். முடிந்த வழக்குகளின் கட்டுகளைத் தூசி தட்டி, நாடா கட்டி, வருஷவாரியாக அடுக்குகிற வேலை. “டவாலிக்குத் தொண்டதான்யா சர்வீஸ் புக்கு” என்றார் சிரஸ்தார். திட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

பதிவறையில் ஆயிரக்கணக்கான பெயர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் நான் கூப்பிட்டவை. புரட்டிப் பார்த்தேன். ஒரு பெயருக்குக்கூட முகம் ஞாபகம் வரவில்லை. வராண்டாவில் நின்று சாலையைப் பார்த்துக் கத்தியவனுக்கு முகம் எப்படித் தெரியும்? வந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் அல்லவா உள்ளே போனார்கள். ஒரே ஒரு முகம்தான் என்னிடம் இருந்தது. அது புங்கமரத்தடி முகம்.

ஒருநாள் அந்தக் கட்டையே கேட்டுக்கொண்டு பெஞ்சு கிளார்க் வந்தார். தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி சின்னப்பொண்ணு மனு போட்டிருக்கிறாள். அன்றைக்கு ஏன் வரவில்லை என்பதை அவள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது நீதிபதி அம்மாவின் உத்தரவு. அன்றைக்கும் வராவிட்டால் மனு போகும், பாதையும் அதோடு போகும். நாடாவை அவிழ்த்துக் கொடுத்தேன். என் விரல் முடிச்சை விடவே மாட்டேன் என்றது.

விசாரணை நாளன்று கணேசன் மகளின் காதுகுத்துக்குப் போய்விட்டார். சிரஸ்தார் பதிவறை வாசலில் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டையக் கட்டிட்டுச் சும்மா நில்லு. இன்னிக்கிப் பூராவும் வாய்தாதான். வக்கீலுங்களே பாத்துக்குவாங்க” என்றார்.

கட்டிக்கொண்டு நின்றேன். எட்டு வழக்குகள் அப்படியே ஓடின. ஒன்பதாவது, சின்னப்பொண்ணு. அவளுடைய வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்தார். இப்போதுதானம்மா இங்கே இருந்தாங்க, எங்கே போனாங்க என்று தெரியலை என்றார். நீதிபதி அம்மா மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். பெஞ்சு கிளார்க் பார்த்தார். எல்லா வக்கீல்களும் பார்த்தார்கள். சிரஸ்தார் மட்டும் பார்க்கவில்லை. அவர் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

வலதுகாலை வெளியே வைத்தேன். வாயைத் திறந்தேன்.

“சின்னப்பொண்ணு.”

படியில் படுத்திருந்த நாய் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி கீழே போட்டது.

அது ஒரு தடவை. இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒரு முழு மூச்சு எடுத்தேன். அந்த மூச்சுக்குள்தான் அந்த யோசனை வந்தது. மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று சிரஸ்தார் சொன்னார். சொறியக்கூடாது என்று சொன்னார். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று கூப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? மூன்றாவதைக் கூப்பிடாதவரைக்கும் அந்த மூடி எப்படி விழும்?

இடதுகாலையும் எடுத்து நிலைப்படிக்கு வெளியே வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வழக்கு நடக்கும்போது அந்தக் கால் படியைத் தாண்டியதில்லை.

நேராகப் புங்கமரத்தடிக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். பட்டை கட்டிய ஆள் ஒருவன் கிட்ட வந்து முகத்தைப் பார்ப்பது அவர்களுக்குப் புதுசு, இரண்டு பேர் பயந்து எழுந்தே விட்டார்கள். அவள் இல்லை. இரண்டாவது தடவையை அங்கேயே, அவள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த வேரைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

கேட் பக்கத்துப் பூக்காரியிடம் போய், மேலவூட்டாத்தா என்று மெதுவாகக் கேட்டேன். “மலையிலருந்து வந்த ஆத்தாவா? சீத்தாப்பழ மூட்டைய பஸ்ஸாண்டுல போட்டுட்டு வந்துட்டேன், மாடு மேஞ்சிரும்னு ஓடுச்சுங்க” என்றாள் அவள்.

நானும் ஓடினேன். நாற்பத்தாறு வயசு, குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டப்பகல், கடைத்தெரு. டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கோர்ட்டில் தீப்பிடித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். டவாலி ஓடறான் என்று யாரோ சொன்னது கேட்டது. மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளும் பதிவறைக்குள்ளும் உட்கார்ந்திருந்த கால்கள். அவை என்னைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தன.

அதே நேரத்தில் உள்ளே நடந்ததை வக்கீல்கள் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்கள். கொழுந்தன் பக்கத்து வக்கீல் எழுந்து, மனுதாரர் வரவில்லை, தள்ளுபடி செய்துவிடலாம் என்றிருக்கிறார். “இன்னும் மூணாவது தடவை கூப்பிடலை” என்று நீதிபதி அம்மா சொல்லியிருக்கிறார்கள். “டவாலியையே காணோங்கம்மா.” “அதனாலதான் சொல்றேன்.” மூடி நிமிர்ந்தபடியே நின்றிருக்கிறது. சிரஸ்தார் கூரையிலிருந்து கண்ணை இறக்கவே இல்லையாம்.

பஸ் ஸ்டாண்டில், வேப்பமரத்தடியில், மூட்டைமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மாடு, இவள் எப்போது எழுவாள் என்று நின்றது. நான் போய் அவளுக்கு நேராகக் குனிந்து, மூச்சு இரைக்க இரைக்க, மூன்றாவது தடவையைக் கூப்பிட்டேன்.

“சின்னப்பொண்ணு.”

அவள் மூட்டைமேல் இருந்தபடியே என் பட்டையைப் பார்த்தாள்.

“அன்னிக்கிக் கத்துனவரு நீங்கதான? இன்னிக்கி என்னங்க ரகசியமாக் கூப்புடறீங்க?”

“இதுதாங்க மூணாவது தடவ. எந்திரிங்க.”

மூட்டையை என்ன செய்வது? நான் தூக்கிக்கொண்டேன். மாம்பழக்கூழ் ஆலையில் கற்றது வீண்போகவில்லை. சிவப்புப் பட்டையும் தோளில் சீத்தாப்பழ மூட்டையுமாக நான் முன்னால், அவள் பின்னால். கோர்ட் வாசலில் சிரஸ்தார் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “எங்கய்யா போன?” என்றார் பல்லுக்கிடையில். கூப்பிடப் போனேன் என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

உள்ளே நீதிபதி அம்மா அவளைக் கேட்டார்கள், போன தடவை ஏன் வரவில்லை என்று. வந்தேன் என்றாள். அங்கேதான் மரத்தடியில் இருந்தேன், இவர் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார், அது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை என்றாள். கோர்ட்டே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தன் பெயர் தனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புவது, அன்றைக்கு இவர் வந்ததற்கு யார் சாட்சி என்றார்.

சாட்சி, தோளில் மூட்டையோடு வாசலில் நின்றது.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால், வாதி வளாகத்தில் இருந்தது தெரிந்தும் மறைத்த டவாலி நான் என்று எல்லோருக்கும் தெரியும். மெமோ வரும். பதிவறைகூடப் பறிபோகலாம். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாலையில் நான் சைக்கிளில் ஏறிப் போனதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவும் இல்லை.

மூட்டையை இறக்கி வைத்தேன். உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். எனக்கு இருக்கிற குரலுக்கு அங்கிருந்துதான் பேச முடியும்.

“இருந்தாங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் மரத்தடியில இருந்தாங்க. நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

என் வாழ்நாளில் நான் பேசியவற்றிலேயே மெலிந்த பேச்சு அது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கூட அதைக் கேட்டதாகச் சொன்னார்.

நீதிபதி அம்மா எழுதினார்கள். மனு ஏற்கப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய்க் கூப்பிட்டதெல்லாம் கோர்ட் கூப்பிட்ட கணக்கில் வருமா, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றார்.

“மூணு தடவை கூப்பிடணும். கூப்பிட்டிருக்கார்” என்று அம்மா தன் காகிதத்திடம் சொன்னார்கள். பிறகு மூடியைப் பேனாவில் மாட்டினார்கள். டக். அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

மெமோ வந்தது. அடுத்த நாளே வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு தாளும் வந்தது: பெயர் கூப்பிடும் பணிக்குத் திரும்பவும் என்னையே போட்டிருந்தார்கள். இரண்டிலும் கையெழுத்து அதே பேனாவுடையது. கணேசனுக்கு அந்த வேலையில் ஆசையும் இல்லை, வெயிலும் ஆகாது. சந்தோஷமாகப் பதிவறைக்குப் போனார்.

ஜோதி, நீ கேட்டதற்குப் பதில் இங்கேதான் வருகிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோர்ட் ஆரம்பிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால், அன்றைய பட்டியலோடு மரத்தடிக்குப் போவேன். டீக்கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போவேன். ஒவ்வொருவரிடமும் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: “உங்கள வூட்ல என்னன்னு கூப்புடுவாங்க?” அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வேன். மாதம்மாள், பஞ்சர்கடைக்காரம்மா. தெலுங்கு பேசுகிற வெங்கடப்பா, வீட்டில் சின்னோடு, அதாவது சின்னவன். ஆறடி உயரத்துக்கு மீசை முறுக்கிய ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து, சுற்றும் முற்றும் பார்த்து, ‘பாப்பா’ என்றார். அவர் முறை வந்தபோது பக்கத்தில் போய்க் காதில்தான் சொன்னேன்.

வாசலில் நின்று கட்டில் இருக்கிற பெயரை ஒரு தடவை, முறைக்காக. இரண்டாவதும் மூன்றாவதும் நடந்துபோய், ஆளுக்கு முன்னால். கத்த முடியாதவனுக்குக் கிட்டப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. கிட்டப் போனதில் என்னென்னவோ கிடைத்தது. நிலக்கடலை கிடைத்தது. மகளின் கல்யாணச் சேதி கிடைத்தது. யாருக்குப் பாதை அடைபட்டிருக்கிறது, யாருக்குப் பேச்சு அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்தது. கண்ணாடியில் இருந்த மீசைக்காரனும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டான். நடக்கிற ஆள் அவன். விசாரிக்கிற ஆள். என் குரல் என்கிற அருவிக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் அவன் அவ்வளவு நாள் வெளியே வரவில்லை போலிருக்கிறது.

சின்னப்பொண்ணின் வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மேலவூட்டாத்தா வந்தாள். வேலி கடைசியில் போனது. தீர்ப்பு நாளில், நான் கூப்பிடும் முன்னாலேயே அவள் கதவோரம் வந்து நின்றுகொண்டு, “இன்னிக்கி அந்தப் பேரையே கூப்புடுங்க, எப்புடி இருக்குதுன்னு பாக்கறேன்” என்றாள். கூப்பிட்டேன். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்று உள்ளே போனாள்.

சிரஸ்தார் ஓய்வு பெறுகிற வாரம் என்னை மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். “ஊருல எல்லாத்தையும் கேட்ட. என்னைய வூட்ல என்னன்னு கூப்புடுவாங்கன்னு நீ கேக்கவே இல்லயே” என்றார். கேட்டேன். சொன்னார். அதை நான் நோட்டில் எழுதவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

எனக்கும் பிறகு பதவி உயர்வு என்று ஒன்று வந்தது. நாற்காலியும் மேஜையும் உள்ள வேலை. பட்டையை ஜோதியிடம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் எழுதி மடித்து வைத்திருந்தேன். போன வாரம் ஒரு சம்மன் வந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருவர் மாமரத்தின் கிளை மற்றவர் சுவரைத் தாண்டியதற்காகக் கோர்ட் வரைக்கும் போய்விட்டார்கள். கிளை எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதற்கு நான் சாட்சி. கட்டுரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன், ஜோதியிடம் நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று.

புங்கமரம் இன்னும் பருத்திருந்தது. நிழலில் உட்கார்ந்தேன். சிவப்பு போர்டில் எண்கள் ஓடின. ஒலிபெருக்கி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில், ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை சொன்னது. நடுவே மூச்சுக்கூட எடுக்கவில்லை. யார் எழுகிறார்கள், யார் எழவில்லை என்று பழைய பழக்கத்தில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முனிரத்தினம். முனிரத்தினம். முனிரத்தினம்.”

யாரும் எழவில்லை. யாரோ பாவம், எங்கே போனாரோ என்று சுற்றிப் பார்த்தேன். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நம் காலமாக இருந்தால் இந்நேரம் ஓடியிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொரு காலும் வந்தது. சிவப்புப் பட்டையோடு ஜோதி மரத்தடியைப் பார்த்து நடந்து வந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. நான் எழுதியதோ இன்னும் என் சட்டைப்பையிலேயே இருந்தது. நேராக வந்து எனக்கு முன்னால் குனிந்தாள்.

“டவாலிண்ணே” என்றாள், ரகசியம் மாதிரி. “உங்களத்தான். எந்திரிங்க.”